லைலிடம் கேட்கிறார்கள்

க்ரிம்ஸ்பி ஏலக் கூடத்தில்
காட் மீன் பெட்டிகளை இறக்கும் நாலரை மணிக்கே
கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.
ஐஸ் புகைக்குள்ளிருந்து ஒரு குரல்:
யார் ஜெயிப்பான், லைல்?

முதல் சண்டைக்கு முன்
செமிசியின் முகாமில் ஆறு வாரம் அடி வாங்கினேன், கூலிக்கு.
மறுசண்டைக்கு
ப்ரோகனின் முகாமில் பத்து வாரம், கொஞ்சம் கூடுதல் கூலிக்கு.
இருவர் கையெழுத்தும் என்னிடம் உண்டு.
இடது விலாவில் செமிசி.
தாடைக்கு அடியில் ப்ரோகன்.
ஆகவே இந்த ஊருக்கு நான்தான் ஜோசியன்.

முடி வெட்டும் பெட்டன்கெல் சொல்கிறார்
தோற்றவனுக்குத்தான் வெறி இருக்குமாம்.
வெறியைப் பார்த்திருக்கிறேன்.
மூன்றாம் சுற்றில் அது
வாயால் மூச்சு விட ஆரம்பிக்கும்.

பந்தயக் கடை நொரீன் எண்களைக் காட்டுகிறாள்.
தொலைக்காட்சியில் கோட் போட்ட ஒருவர்
கை நீளத்தை அளக்கிறார்,
நூற்றுப் பதினெட்டு கிலோ, நூற்று இருபத்தாறு கிலோ,
ஏதோ உருளைக்கிழங்கு மூட்டைக்கு விலை பேசுவதுபோல.

எனக்குத் தெரிந்தது
தராசில் நிற்காது.
வலது கையை வீசுமுன் ப்ரோகன்
மூக்கை ஒருமுறை உறிஞ்சுவான்,
சளி பிடித்த பையனைப்போல.
அவ்வளவுதான்.
முதல் சண்டையின் ஏழாம் சுற்றில்
இருபதாயிரம் பேர் கத்திக்கொண்டிருக்க
செமிசிக்கு அந்த உறிஞ்சல் மட்டும் கேட்டிருக்கிறது.

மூக்கில் அறுவை செய்து சரியாக்கினார்கள்.
உறிஞ்சல் போய்விட்டது.
இப்போது கண்ணைச் சிமிட்டுகிறான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது சரி.
சறுக்கிய இடத்துக்கே
யானையைத் திரும்ப நடத்திப் போவதற்கு
என்ன பெயர்?

ஒன்பதாவது வாரம், வியாழக்கிழமை.
நான் முப்பத்தெட்டு வயதுக்காரன்,
முந்தின இரவு மீன் சுமந்தவன்,
களைப்பில் தவறிப்போய்ப் போட்ட இடது கொக்கி.
ப்ரோகன் முழங்காலில் உட்கார்ந்தான்.
உட்கார்ந்து
தரையில் எதையோ தொலைத்தவன்போலத் துழாவினான்.
யாரோ ரேடியோவை அணைத்தார்கள்.
யாரோ கதவைச் சாத்தினார்கள்.

அன்று உறையில் அறுபது பவுண்டு அதிகம் இருந்தது.
கூடவே ஒரு தாள், கையெழுத்துப் போட.
பயிற்சியாளர் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்,
"ரொம்ப நாளா உழைக்கிறே."

ஞாயிறு மத்தியானம் ஜானிஸ் வீட்டில் சாப்பாடு.
அவள் புருஷன் ராட்னி
வேன் வாங்க வைத்திருந்த எண்ணூறு பவுண்டை
ப்ரோகன் மேல் கட்டப்போகிறானாம்.
"நம்ம பையன். வடக்கத்திக்காரன்.
நீயே பத்து வாரம் பக்கத்துல இருந்தவன்,
சொல்லு, கட்டலாமா?"

குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே இருந்தேன்.
தோய்ந்து, ஊறி, அறுந்து விழும்வரை.
கஷ்டமான சண்டை, என்றேன்.
அதை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.
அப்படித்தான் எடுத்துக்கொள்வான் என்று
எனக்குத் தெரியும்.
என் வாழ்நாளில் சரியாகக் கணித்தது
அது ஒன்றுதான்.

இருந்தாலும் படுக்கையில் புரண்டபடி
அவனுக்காக வாதாடிப் பார்க்கிறேன்:
விழுந்தவனுக்குத் தரை பழக்கம்.
ஜெயித்தவனுக்கு ஒரு வருஷ விருந்துக் கொழுப்பு.
செமிசியின் வலது முழங்கால்
படியிறங்கும்போது கொஞ்சம் யோசிக்கும்.
பத்தில் மூன்று இரவு ப்ரோகன் ஜெயிப்பான்.
அந்த மூன்றில் ஒன்றாக
இந்தச் சனிக்கிழமை இருக்கக் கூடாதா?

சனிக்கிழமை.
மீனவர் கிளப்பில் நாற்காலி போதவில்லை.
ராட்னி எனக்குப் பக்கத்தில்,
சீட்டைச் சட்டைப்பையில் வைத்து
மேலே கையால் மூடிக்கொண்டு.
திரையில் இருவரும் நெற்றியோடு நெற்றி.
செமிசி கொட்டாவி விடாத குறை.
ப்ரோகன் அழகாக இருந்தான்,
புதுசாக வெள்ளையடித்த சுவர்போல.

"இப்பவாவது சொல்லு," என்றான் ராட்னி.

மணி அடித்தது.
கையில் பீர் கிளாஸ் ததும்ப
என் முழங்கை
என்னைக் கேட்காமலே இறங்கி
இடது விலாவை மூடிக்கொண்டது.